பிள்ளைகளோடு வந்தால்தான் புருஷன் பெண்டாட்டியா? விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி வட்டாரத்தில் லாட்ஜ் நடத்தும் உரிமையாளர்களுக்கும், ரிசப்ஷனுக்கு ஆள் வைக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரைக்காரி. வயது 42. கூட்டுறவு வங்கி ஒன்றில் கேஷியர். எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தலைப்பைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும்; உங்கள் கவுண்ட்டரில் தினமும் நடப்பதுதான். ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். கையில் ஒழுங்கான அடையாள அட்டையோடு ஓர் ஆணும் பெண்ணும் வந்து அறை கேட்டால், கல்யாணம் ஆனதற்கு என்ன ஆதாரம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூரில் வந்து இறங்கினோம், நானும் என் வீட்டுக்காரரும். பெரியவள் பிறந்த பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூர் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அவளுக்கே இப்போது 16 வயது. அத்தைதான் கிளப்பிவிட்டார். "சின்னவன நான் பாத்துக்கிறேன், போய் அந்தப் பிள்ளைகளையெல்லாம் பாத்துட்டு வா" என்றார். அந்தப் பிள்ளைகள் என்றால் என் கல்லூரித் தோழிகள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. ரயிலில் எனக்குத் தூக்கமே வரவில்லை. யாருக்கும் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுக்க வேண்டாம், யாரையும் நடுராத்திரியில் பாத்ரூமுக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்ற நினைப்பே தூங்கவிடவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லாட்ஜ். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் வேலை போவது ரிசப்ஷனில் இருந்த தம்பிக்குத்தான். ஆப்பில் பதிவு செய்து முழுப் பணமும் கட்டியிருந்தோம். இரண்டு பேருடைய ஆதாரையும் கொடுத்தோம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் இனிஷியல் ‘ச’, என்னுடையது ‘மு’. அவர் விலாசம் மதுரை; என்னுடையது இன்னும் மேலூரில் எங்கள் அப்பா வீடுதான்.

"மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா சார்?"

ஆதார் கொடுத்த பிறகும் ஆதாரம் கேட்டார்.

நானும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதம் கேட்கிறவள்தான். ஜாயின்ட் அக்கவுண்ட் திறக்க வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். புருஷனுக்கு ஓர் இனிஷியல், பெண்டாட்டிக்கு ஓர் இனிஷியல். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத ஊரில் வேறு எப்படி இருக்கும்? சர்டிபிகேட் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2007இல். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் வந்தது 2009 நவம்பரில். எங்களிடம் இருப்பது மேலூர் மண்டபத்தில் எடுத்த ஆல்பம் ஒன்று. நாலு கிலோ இருக்கும். ரயிலில் தூக்கி வரவில்லை.

"பதினெட்டு வருஷம் ஆச்சு தம்பி" என்றார் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே. அந்தத் தம்பி சிரிக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார்.

ராத்திரிப் பயணம் என்றால் நான் தாலிச் சங்கிலியைச் சுடிதாருக்குள் விட்டு, மேலே துப்பட்டாவைப் போட்டு ஊக்குக் குத்திக்கொள்வேன். ஜன்னல் ஓரம் படுக்கிற எந்தப் பெண்ணும் செய்வதுதான். அவர் பார்த்ததும் என் கை தானாக மேலே போனது. ஊக்கைக் கழற்றி, கழுத்துக்குள் கைவிட்டுச் சங்கிலியை வெளியே இழுத்து, தாலியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். யாரும் காட்டச் சொல்லவில்லை, நானேதான் காட்டினேன். பின்னால் சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"தாலி எல்லாரும்தான் மேடம் போட்டுட்டு வர்றாங்க" என்றார் அந்தத் தம்பி.

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். ஊக்கைத் திரும்பக் குத்துகையில் விரலில் ஏறிவிட்டது.

கடைசியில் காலை 6 மணிக்கு அத்தைக்கு வீடியோ கால். போனை வாங்கி அந்தத் தம்பியிடமே கொடுத்தோம். "ஏப்பா, எம் மகனும் மருமகளும்தான். நான்தான் அனுப்பி வச்சேன். பேரப்பிள்ளைக இங்க தூங்குதுக, காட்டவா?" என்று போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த என் மகனைக் காட்டினார். சாவி வந்தது. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே சார்" என்ற அறிவுரையும் வந்தது.

இரண்டு வருஷம் முன்னால் வண்டலூர் பார்க்கப் பிள்ளைகளோடு இதே தெருவில் வேறொரு லாட்ஜில் தங்கினோம். அன்று என் ஆதாரை யாரும் கேட்கவே இல்லை. இனிஷியலையும் பார்க்கவில்லை, கழுத்தையும் பார்க்கவில்லை. சின்னவன் ரிசப்ஷன் மேஜையில் ஏறி மணியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் எங்கள் சர்டிபிகேட் என்று இப்போதுதான் தெரிகிறது. பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டி என்று ஓர் இனம் இருப்பது உங்கள் பதிவேட்டில் கிடையாதா? ஓர் இரவு பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு வந்தால், வந்த நோக்கம் சந்தேகத்துக்கு உரியதாகிவிடுமா?

அன்று சாயங்காலம் தோழிகளைப் பார்த்தேன். நாங்கள் ராணி மேரிக் கல்லூரி. 1914இல் தொடங்கிய அந்தக் கல்லூரியை இடித்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்டப் போவதாக 2003இல் அரசு சொன்னபோது, வெளியே போக மாட்டோம் என்று வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்த பிள்ளைகளில் நாங்கள் ஐந்து பேரும் உண்டு. ஒரே பெட்ஷீட்டில் மூன்று பேர், மெரினாக் கொசு முழுக்க எங்கள் மேல்தான். கட்டடம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்தபடியே எதிரில் மணலில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய் சுண்டல் தின்றோம். ராத்திரி திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் எல்லோருக்கும் பில் கட்டிவிட்டு, எங்கள் பேச்சில் ஒன்றும் புரியாமல் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

காலையில் நடந்ததைச் சொன்னேன். முதலில் அத்தையின் வீடியோ காலுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "அப்ப என்கிட்ட என்னடி காட்டச் சொல்லுவான்?" அவள் சுயமரியாதைத் திருமணம் செய்தவள். மாலை மாற்றிக்கொண்டார்கள், தாலி இல்லை. அந்தத் திருமணம் செல்லும் என்று அண்ணா ஆட்சியில் 1967இலேயே சட்டம் செய்த மாநிலம் இது. இன்னொருத்தி கணவனை இழந்தவள். அண்ணனோடு ஆஸ்பத்திரிக்காகச் சென்னை வந்தபோது, இரண்டு அறை எடுத்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே இனிஷியல் இருந்தும்! ஒரே இனிஷியல் இருந்தால் சந்தேகம், வேறு இனிஷியல் இருந்தால் அதைவிடச் சந்தேகம். மூன்றாமவள் கல்யாணமே செய்துகொள்ளாதவள். தனியாகப் போனால் "கூட யாரு வருவாங்க மேடம்?" என்று கேட்பார்களாம். அரசாங்கத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்த ஐந்து பேர் நாங்கள். 22 வருஷம் கழித்து ஒரு லாட்ஜ் கவுண்ட்டரில் நான் ஏன் ஊக்கைக் கழற்றினேன் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. ‘போலீஸ் ரெய்டு வந்தா யார் பதில் சொல்றது?’ என்பீர்கள். ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் முதலில் ஸ்டேஷனுக்கு இழுக்கப்படுவது உங்கள் ஆள்தான், வாஸ்தவம். அதற்குத்தான் அடையாள அட்டை, பதிவேடு, கேமரா எல்லாம். கல்யாணம் ஆகாதவர்கள் தங்கியிருந்தார்கள் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டிக் கோயம்புத்தூரில் ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்களே, அந்த வழக்கில் 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்றது. ஆகாதவர்களுக்கே தடை இல்லாதபோது, ஆனதற்கு ஆதாரம் எதற்கு?

இருங்கள், எழுத உட்கார்ந்தபோது இவ்வளவு எழுதுவதாக இல்லை. இருந்தாலும் ஆரம்பித்துவிட்டேன். ஆப்பில் வசதிகள் என்று ஒரு பட்டியல் போடுகிறீர்கள்: ஏசி, வைபை, வெந்நீர், கப்பிள் பிரெண்ட்லி (ஜோடியாக வந்தால் தடையில்லை என்று அர்த்தமாம்). வெந்நீர் மாதிரி அதுவும் ஒரு வசதி. காலை 6 முதல் 9 வரை வருமா, 24 மணி நேரமும் வருமா? எங்கள் ஆதார் அட்டைகளை அந்தத் தம்பி தன் சொந்தப் போனில் படம் எடுத்துக்கொண்டார். கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் என்று ஒன்று இருக்கிறது. அதை நீட்டினால் "இது செல்லாது, ஒரிஜினல் குடுங்க" என்றார். எங்கள் திருமணத்தை நம்பாதவரிடம் எங்கள் ஆதார் எண்ணை நாங்கள் நம்பிக் கொடுக்க வேண்டும். தென் மாவட்ட ராத்திரி ரயிலெல்லாம் விடிகாலையில் வந்து சேரும் ஊரில் பகல் 12 மணிக்குத்தான் செக்-இன் என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வந்தால் அரை நாள் வாடகை தனி. சரி, அது வியாபாரம். அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

கோபத்தில் மரியாதை தவறியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அட்டையைப் பாருங்கள், முகத்தோடு ஒத்துப் பாருங்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பியாகவே யோசித்து என் கழுத்தைப் பார்த்தார் என்று நான் நம்பவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முடிந்தால், ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதி மாட்டியிருக்கிறீர்களே, அதே பலகையில் கீழே இன்னொரு வரி எழுதுங்கள், உங்கள் ஆட்களும் படிக்கிற மாதிரி.

பொங்கல் கழிந்து வருகிற சனிக்கிழமை மறுபடி கூடுவதாக முடிவு செய்திருக்கிறோம். அத்தை இப்போதே சம்மதித்துவிட்டார். ஆனால் காலை 6 மணிக்கு எழுப்பக் கூடாதாம்.

எனக்கு ஓர் அறை வேண்டும். ஓர் இரவு, இரண்டு பேர், ஏசி. பிள்ளைகள் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
போன மாதம் உங்களில் ஒருவரிடம் தாலியைக் காட்டி அறை கேட்ட மதுரைக்காரி