2,000 மணி ஓடிய எஞ்சினை ஒதுக்கிவிட வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மலிவு விலைப் பழைய சிறுவிமானங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, எஞ்சின் 1,500 மணியைத் தாண்டியிருந்தால் அந்த விமானத்தையே ஒதுக்கிவிடச் சொல்கிறது. இதை நம்புகிறவர், ஓடாமல் கிடந்து துருவேறிய எஞ்சினைக் கூடுதல் விலைக்கு வாங்கிவிடுவார் என்பதுதான் என் கவலை.

பல சிறுவிமானங்களில் இருக்கும் லைக்கமிங் ஓ-320 எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) இடைவெளி 2,000 மணி. செஸ்னா 150-இன் கான்டினென்டல் ஓ-200க்கு 1,800 மணி. மணி முடியாவிட்டாலும் ஓவர்ஹால் செய்ய, இரண்டுக்கும் 12 ஆண்டு என்ற காலக்கெடுவும் உண்டு. விற்பனை விளம்பரங்கள் இதைப் பேசுவதே இல்லை. 20 ஆண்டுக்கு முன் ஓவர்ஹால் ஆகி 400 மணி மட்டும் ஓடிய எஞ்சினையும், பத்தே ஆண்டில் 1,900 மணி ஓடிய எஞ்சினையும் காட்டினால், நான் முதலில் பார்ப்பது இரண்டாவதைத்தான். லைக்கமிங்கில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாவிட்டால் ஆயில் வடிந்துவிடும், ஈரம் படியும், துரு பிடிக்கும். பிறகு ஓட்டும்போது கேம்ஷாஃப்டின் மேடுகளோடு (கேம்) உரசும் டேப்பெட்டின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கேமையும் தேய்த்துவிடும். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும்.

எனவே லாக்புக்கில் (எஞ்சினின் பதிவேட்டில்) மொத்த மணியைப் பார்த்ததோடு நிறுத்தாமல், ஆண்டுவாரியாக எத்தனை மணி ஓடியது என்று எழுதிப் பாருங்கள். ஆயில் 50 மணிக்கு ஒரு முறை, ஓட்டம் குறைவென்றால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றப்பட்டதா என்றும் பாருங்கள். 'டாப் ஓவர்ஹால்' என்பது சிலிண்டர் வேலை மட்டுமே. அதனால் மணிக்கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. புரொப்பெல்லர் எங்காவது இடித்திருந்தால், அதன்பின் எஞ்சினைப் பிரித்துச் சோதித்த பதிவு இருந்தே ஆக வேண்டும்.

சோதனைக்கு, அந்த விமானத்தை இதுவரை பராமரிக்காத மெக்கானிக்கை அழையுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் காற்றை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் லைக்கமிங் சிலிண்டர் 70க்கு மேல் காட்டுவது நல்லது. 60க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றும் பேச்சு வரும். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே கசிகிறது என்பது. எக்ஸாஸ்ட் குழாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பில் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பாருங்கள்: நிறம் வட்டம் வட்டமாகச் சீராக இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அங்கே எரியத் தொடங்கிவிட்டது. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் செதில்கள் தென்பட்டால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

இத்தனையும் தேறினாலும், எஞ்சின் நாளையே ஓவர்ஹாலுக்குப் போகும் என்று வைத்தே விலை பேச வேண்டும். எஞ்சினுக்கான தொகை மட்டும் போதாது. கழற்றிப் பூட்டும் கூலி, ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட் ரப்பர்கள், மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்), கார்புரேட்டர், புரொப்பெல்லர் வேலை எல்லாவற்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். புது ஓவர்ஹால் எஞ்சினோடு அதே மாடல் போகும் விலையிலிருந்து அந்த மொத்தத்தைக் கழியுங்கள். அதற்குமேல் கேட்டால், அது மலிவு விமானம் அல்ல.

ஓவர்ஹால் இடைவெளியைத் தாண்டி ஓட்டுவது தனியார் பயன்பாட்டுக்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்படுகிறது. பயிற்சிக்கும் வாடகைக்கும் விதி வேறாக இருக்கலாம். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். முன்பணம் கொடுப்பதானால், சோதனையில் எஞ்சின் தேறாவிட்டால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்