காரில் தண்ணீர் வைத்துக்கொள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டூசானில் வெயில் ஒருவழியாகத் தணிந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ ஆல்புகர்க்கியிலிருந்து கிளம்பும்போது காரில் 2 கேலன் தண்ணீர் வைத்துக்கொள். லார்ட்ஸ்பர்க் பக்கம் புழுதி கிளம்பினால் ரோட்டைவிட்டு நன்றாக ஒதுங்கி, விளக்கை அணைத்துவிட்டு நில்.

லீவுக்கு இரண்டு பேருமாக வருகிறீர்களா, நீ மட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கட்டில் போடுவதற்குத்தான்.

வழியில் பாஸ்கே டெல் அப்பாச்சே பறவைகள் சரணாலயத்தில் நிறுத்தி, சாண்ட்ஹில் கொக்குகளைப் பார். பகலெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு, அந்தியில் தண்ணீரில் நின்றபடி தூங்க வந்து இறங்கும். அதற்காக இருட்டும் வரை நிற்காதே. தனியாக வந்தால் நிறுத்தவே வேண்டாம்.

போன வாரம் ஸ்வீட்வாட்டர் குளங்களுக்குப் போனேன். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து விட்ட இடம் என்றால் உன் அத்தை மூக்கைப் பிடிப்பாள். ஆனால் பாலைவனத்தில் கோரையும் வாத்தும் சும்மா வருமா? வேடந்தாங்கலுக்கு வருமே, அதே தட்டைவாயன் வாத்து இங்கேயும் மிதக்கிறது. லெம்மன் மலைக்கும் போனேன். அடிவாரத்தில் கள்ளிக்காடு, 27 மைல் ஏறினால் பைன் காடு, ஸ்வெட்டர் கேட்கும் குளிர்.

நம் வாசல் சகுவாரோ கள்ளியில் கிலா மரங்கொத்தி புதுப் பொந்து கொத்தியிருக்கிறது. உடனே குடியேறாது. கள்ளியின் காயம் உலர்ந்து கெட்டியாக மாதக்கணக்காகும், அதுவரை பொறுத்திருக்கும். உன் கல்யாணப் பேச்சின்போது நானும் கொஞ்சம் பொறு என்றுதான் சொன்னேன். சரி, அதை விடு.

எட்டு வயதில், சோய்யா கள்ளியின் முள்ளுக்குள் இருந்த ரென் குருவிக் கூட்டை முதலில் கண்டது நீதான். அந்தக் கண் எனக்கு வராது என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மடேரா பள்ளத்தாக்கு ஞாபகமிருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது. ஓடையோரச் சிக்கமோர் மரத்தில் டிரோகன், சிவந்த வயிற்றோடு, தவளை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. நீ என் சட்டையை இழுத்து, "அப்பா, ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தாய். பறவை பறந்துவிடும், வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாய். வீடு வரும்வரை காரில் அந்தப் பறவையைப் பற்றியே பேசினேன். நோட்டில் அன்றைய தேதி, நேரம், மரம் எல்லாம் இருக்கிறது. நீ சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை கேட்கவில்லை.

ராத்திரி எத்தனை மணியானாலும் போன் செய். நான் விழித்துத்தான் இருப்பேன். டயரில் காற்றுப் பார். தண்ணீர் மறக்காதே.

இப்போதைக்கு ஒரு கட்டில்தான் போட்டிருக்கிறேன்.

அப்பா