வருகைப் பதிவேடு பேசட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் முன்வந்தால் குழந்தைத் திருமணம் ஒழியும் என்ற பொருளில் தங்கள் இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இளைஞர் பணியில் இருக்கும் நாங்கள் அதை மனதார வரவேற்கிறோம். முன்வந்த இளைஞர்கள் எங்கே போய் முட்டி நிற்கிறார்கள் என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும்.

பேரணி, உறுதிமொழி, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாம் எல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. அவை முடிந்த மறுவாரமே பென்னாகரம் பக்கமோ அஞ்செட்டி பக்கமோ பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பூ வைத்துவிடுகிறார்கள். விஷயம் தெரிந்த தோழி குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கிறாள். அழைத்தவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் ஜீப் வந்து நின்று, டீக்கடையில் "இன்னார் வீடு எது?" என்று கேட்டதுமே ஊர் கணக்குப் போட்டுவிடுகிறது. கல்யாணப் பேச்சு தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் கையில் போன் உள்ளவள் ஒருத்தி. அடுத்த முறை அவளும் வாய் திறக்க மாட்டாள். ஒரு பெண்ணின் தைரியத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்.

தகவல் ஓர் ஆளிடமிருந்து வராமல் பதிவேட்டிலிருந்து வர வேண்டும் என்கிறோம். அதற்கான அமைப்புகள் புதிதாக வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவை 2024-ல் மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்தார்கள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியர் ஆகியோருடன் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவரும் இருக்க வேண்டும். அதன் தலைவர் ஊராட்சித் தலைவர். எங்கள் இரு மாவட்டங்களிலும் அவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பல ஊராட்சிகளைக் கவனிக்கும் ஓர் அலுவலர் இந்தக் குழுவைத் தானாகக் கூட்டுவார் என்று காத்திருக்க முடியாது. கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டியது இளைஞர்கள்தான்.

செய்ய வேண்டியது இதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தொடர்ந்து ஐந்து பள்ளி நாட்கள் வராத மாணவிகளின் பட்டியலை வகுப்பாசிரியர் வியாழன் மாலை தலைமையாசிரியரிடம் தர வேண்டும். வெள்ளி மதியத்துக்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். போகிறவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ செவிலியராகவோ இருக்கட்டும். அவர்கள் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆர்வக்கோளாறில் சங்கத்துப் பையன்கள் போய் "உங்க பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வரலை?" என்று கேட்டால், அந்தப் பெண்ணுக்கே பழி வந்து சேரும், தை மாதம் வைத்திருந்த முகூர்த்தத்தைக் கார்த்திகைக்கு இழுத்துக்கொள்வார்கள்.

வியாழன், வெள்ளி என்று கிழமை சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் இப்படிப்பட்ட கல்யாணம் ஞாயிறு விடியற்காலையில், மண்டபம் இல்லாமல், கோயில் வாசலில் முடிந்துவிடும். வயதுக்குச் சான்று கேட்டால் வீட்டார் பதினெட்டு முடிந்தது என்பார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி முதலில் பார்க்க வேண்டியது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால்தான் ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். மருத்துவச் சோதனை கடைசி. சேர்க்கைப் பதிவேடு வெள்ளி மாலையே பீரோவில் பூட்டப்பட்டால், ஞாயிறு காலை அதிகாரி கையில் ஒன்றும் இருக்காது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாணவிக்கும் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் ஒன்றைத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் வருகைப் பதிவேடே இருக்காது, ஆபத்து அதிகமான காலமும் அதுதான். அப்போது பார்க்க வேண்டியவை வேறு. பத்தாம் வகுப்பில் தோற்றும் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்காதவர் யார்? தேறியும் பதினொன்றாம் வகுப்பில் சேராதவர் யார்? டிசி வாங்கிக்கொண்டு போய் எந்தப் பள்ளியிலும் சேராதவர் யார்? எங்கள் கணிப்பில் முதல் கேள்விதான் முக்கியமானது. கணக்கில் தோற்ற பெண்ணின் கையைப் பிடித்துத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வைப்பது, பத்துத் தெரு நாடகத்தைவிடப் பெரிய தடுப்பு வேலை.

கல்யாணத்தை நிறுத்திய பிறகு நடக்கும் தவறு இன்னொன்று. பெற்றோரிடம் காவல் நிலையத்தில் "பதினெட்டு முடியும் வரை செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து வேறு ஊரில் தாலி ஏறிவிடுகிறது. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். தடுப்பு அலுவலரான மாவட்ட சமூகநல அலுவலர்தான் கேட்க வேண்டும் என்றில்லை. விவரம் நேரில் அறிந்த எவரும், தொண்டு நிறுவனமும் கேட்கலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாமலே இடைக்கால ஆணை கிடைக்கும். அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம் 14-ஆம் பிரிவுப்படி தொடக்கம் முதலே செல்லாது. ஆணை இல்லாவிட்டால், நம் மாநிலத்தில் அந்தப் பெண்ணே நீதிமன்றம் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும், அதுவும் இருபது வயது முடிவதற்குள். எல்லை தாண்டினால் கர்நாடகத்தில், சட்டத் திருத்தத்தால், குழந்தைத் திருமணம் எதுவுமே செல்லாது. தளி, ஓசூர் பக்கத்து இளைஞர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அங்கே தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளுக்குத் தமிழில் மட்டுமே துண்டறிக்கை கொடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

தாலி ஏறிய பின் போடும் வழக்கை வெற்றியாகக் கொண்டாடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. பதினெட்டுக்குக் கீழ் கர்ப்பமான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து வீட்டார் அவளை மறைக்கிறார்கள். ரத்தசோகையோடு, பரிசோதனை எதுவும் இல்லாமல் மாதங்கள் ஓடுகின்றன.

பள்ளியை விட்டு நிற்பதற்குப் பேருந்தும் ஒரு காரணம். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டால், இருட்டில் காட்டுவழி நடக்கும் மகளை எந்தத் தாய் அனுப்புவாள்? "பஸ் வேண்டும்" என்ற ஒற்றை வரி மனு மூலையில் கிடக்கும். எந்த நிறுத்தத்தில் எத்தனை மாணவிகள், வகுப்பு முடியும் நேரம், பேருந்து வரும் நேரம், எத்தனை நிமிடம் தள்ளினால் போதும் என்று ஒரு வாரம் நின்று குறித்த அட்டவணையோடு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடமும் கொடுத்து, மனு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் அடுத்த வாரம் போய் எதையும் கேட்க முடியாது.

கிராம சபைத் தீர்மானமும் அப்படித்தான். "குழந்தைத் திருமணம் இல்லாத ஊராட்சியாக்குவோம்" என்று எழுதினால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. "வராத மாணவிகள் பட்டியலை வாரந்தோறும் இன்னார் பெற்று, இன்னாரிடம் தருவார், அடுத்த சபையில் எண்ணிக்கை வாசிக்கப்படும்" என்று எழுத வேண்டும். பெயர் வாசிக்கக் கூடாது, எண்ணிக்கை மட்டும். கலைவதற்கு முன் தீர்மானப் பதிவேட்டில் அந்த வரி ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவையும் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞர் பணியாளரின் தலையில் வைக்கிறோம். ஒப்பந்தம் முடிந்து அவர் பெங்களூருக்கு வேலை தேடிப் போகும்போது, அவர் போனில் இருந்த எண்களும் தொடர்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. வராத மாணவிகளைப் பற்றிய இந்தப் பின்தொடர் விவரங்களை எழுதும் நோட்டு பள்ளியில் இருக்க வேண்டும்; அதை எடுத்து நடத்தும் பணியாளருக்கு நிலையான ஊதியம் வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும்போது, தேர்ச்சியில் மாவட்டம் எத்தனையாவது இடம் என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அதே பக்கத்தில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளையும், விண்ணப்பிக்க வேண்டிய இடத்தையும் கட்டம் கட்டிப் போடுங்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் இன்னொரு முறை போடுங்கள்.

இப்படிக்கு,
இளைஞர் பணியாளர்கள் சிலர்,
பென்னாகரம், தேன்கனிக்கோட்டை வட்டங்கள்