பரமேஸ்வரனைப் பற்றிக் கேட்டிருந்தாய்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. சாலிகிராமத்தில் தரைத்தளத்திலேயே வீடு அமைந்தது நல்லதாய்ப் போயிற்று, கமலாவின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் கபிலன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். தேக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. சேர்கிற நாளில் நாங்களும் படகில் கூடப் போய், அவன் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம். வாசுகி அங்கே சிரித்த முகமாகத்தான் இருந்தாள். திரும்பி வரும்போது படகில் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆற்காடு சாலையில் நடக்கப் போகும்போது பார்த்தேன் என்று ‘பரமேஸ்வரன் விஹார்’ பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பி, யார் இவர், கோயில் பெயரா என்று கேட்டிருந்தாய். கோயில் இல்லை சேகர். அவர் ஒரு ராணுவ அதிகாரி. அது ராணுவத்தினருக்காகக் கட்டிய குடியிருப்பு. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். போரில் காட்டும் வீரத்துக்கு இந்தியா கொடுக்கும் மிக உயர்ந்த விருதான பரம வீர சக்ரா வாங்கியவர். சுதந்திர இந்தியாவில் இதுவரை 21 பேருக்குத்தான் அந்த விருது கொடுத்திருக்கிறார்கள். அதில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. இவரும் அந்த 14 பேரில் ஒருவர்.

1946 செப்டம்பர் 13-ல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்கேயே படித்து அறிவியலில் பட்டம் வாங்கினார். பிறகு சென்னை பரங்கிமலையில் அதிகாரிகளுக்கான பயிற்சி. 1972 ஜூனில் மகர் ரெஜிமென்டின் 15-வது பட்டாலியனில் சேர்ந்தார். வடகிழக்கு மாநிலங்களில் பல வருஷம் இருந்திருக்கிறார். சிப்பாய்கள் அவரைப் பிரியமாக ‘பாரி சாஹிப்’ என்று கூப்பிடுவார்களாம். 1987-ல் 8-வது மகர் பட்டாலியனோடு இலங்கைக்குப் போனார். அப்போது அவருக்கு நாற்பது வயது.

அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஜூலை 29-ல் ராஜீவும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி யாழ்ப்பாணத்தில் இறங்கிய இந்திய அமைதிப்படைக்கு ஜனங்கள் மாலை போட்டார்கள். செப்டம்பர் 26-ல் நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தான். அக்டோபர் தொடக்கத்தில், பிடிபட்டிருந்த புலிகள் சயனைடு கடித்துச் செத்தார்கள். இரண்டாவது வாரத்தில் சண்டை மூண்டுவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ராத்திரியில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் முப்பது பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். மாலை வாங்கிய படைக்கு மூன்றே மாதத்தில் இந்தக் கதி.

நவம்பர் 25. கந்தரோடையில் ஒரு வீட்டில் ஆயுதம் இறக்கியிருப்பதாகத் தகவல் வந்து பரமேஸ்வரனின் ஆட்கள் தேடப் போனார்கள். தேடல் முடிந்து இருட்டில் திரும்பும்போது பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் யாரும் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். இவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் போய், சுட்டவர்களைப் பின்பக்கமாக வளைத்தார். அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கைகலப்பு ஆகிவிட்டது. ஒருவன் இவருடைய மார்பில் சுட்டான். குண்டு பாய்ந்த நிலையில், அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டு வீழ்த்தினார். விழுந்த பிறகும் உயிர் போகும்வரை ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள், மூன்று ரைஃபிளும் இரண்டு ராக்கெட் லாஞ்சரும் கிடைத்தன என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஐந்து பேரின் வயது என்ன இருக்கும் என்றும் யோசிப்பேன். கபிலன் வயதுகூட இருந்திருக்காதோ என்னவோ.

வாசுகியிடம் இதைப் பேசுவது சுலபமில்லை. அவளுடைய தாத்தா சுன்னாகத்துக்காரர், மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். கந்தரோடை அவர்கள் ஊருக்குப் பக்கம். 1987-ல் அவளுடைய பெரியம்மா குடும்பம் உடுவிலில்தான் இருந்தது. சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் அவளுடைய அம்மா அந்த மாதங்களில் தினமும் போய் உட்கார்ந்திருப்பாராம். அங்கே வருகிற ஒவ்வொருவரிடமும், ஊரிலிருந்து ஏதாவது சேதி உண்டா என்று கேட்பாராம். அக்டோபர் 21-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்தபோது டாக்டர்களும் தாதிகளும் நோயாளிகளும் செத்துப்போனார்கள். அந்தப் பெயர்களில் சிலது அவர்கள் வீட்டில் இன்றும் சொல்லப்படும். அப்படிப்பட்ட வீட்டில் போய், உங்கள் ஊரில் செத்த இந்திய மேஜர் ஒரு வீரர் என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் சொன்னேன். கபிலன்தான் கேட்டான். காஷ்மீரில் சோபியானில் 2014 ஏப்ரல் 25-ல் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனை இங்கே இருக்கிற பையன்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அசோக சக்ரா வாங்கியவர், அவரும் பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர்தான். அவருடைய உடல் சென்னைக்கு வந்தபோது பெசன்ட் நகர் மயானம்வரை ஜனங்கள் திரண்டு நின்றார்கள். “அவருக்கு முன்னாடி வேற தமிழர் யாரும் இல்லையாப்பா?” என்றான். சாப்பாட்டு மேசையில் வைத்து பரமேஸ்வரன் கதையைச் சொன்னேன். வாசுகி எழுந்து போகவில்லை, கடைசிவரை கேட்டாள். பிறகு, “பாவம், அவர் பொண்டாட்டி” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஊர்க்காரங்களோட அவர் தமிழ்லதானே பேசியிருப்பாரு” என்றாள்.

எனக்கு மனசில் குறுகுறுத்துக்கொண்டிருந்த விஷயத்தை அவள் கேட்டுவிட்டாள். பரமேஸ்வரனை நாம் மறந்ததற்குக் காரணம் அவருடைய வீரத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தப் போரைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. சுட்டவனும் தமிழன், சுடப்பட்டவரும் தமிழர், நடந்ததும் தமிழ் மண்ணில். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. என் தமிழ் மக்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பேன் என்பது அவர் நிலை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வரவே இல்லை சேகர். அவர்களை அங்கே அனுப்பியது டெல்லி. அந்த முடிவில் பரமேஸ்வரனுக்கு எந்தப் பங்கும் இல்லை. அந்தப் போர் தப்பு என்று நினைக்கிறவன்தான் நான். அதற்காக அவருக்கு அழக்கூடாது என்றில்லை. உடுவிலில் செத்த வாசுகியின் சொந்தங்களுக்கும் அதே கண்ணால்தான் அழுகிறேன். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இங்கே இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கிராஞ்சி நினைவிடத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அதில் நிறைய பேர் இந்திய ராணுவத்துச் சிப்பாய்கள், வெள்ளைக்காரனுடைய போரில் செத்தவர்கள். யாருடைய போர் என்று பார்த்தா பெயர் செதுக்கினார்கள்? கொழும்புப் பக்கம் கோட்டேயில் அமைதிப்படைக்கு 2008-ல் நினைவுத்தூண் எழுப்பியது இலங்கை அரசு. டெல்லி தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019-ல்தான். பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலை இப்போது அங்கே மற்ற இருபது பேரோடு இருக்கிறது. 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைத்தார்கள். பரங்கிமலை அகாடமியில், பயிற்சி முடிக்கிறவர்கள் அணிவகுத்துப் போகும் மைதானத்துக்கும் அவர் பெயர்தான். உன் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்தக் குடியிருப்பில் முன்னாள் ராணுவத்தினர் இருப்பார்கள். நீ எல்லாரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறவன். 1987-ல் யாழ்ப்பாணத்தில் இருந்த யாராவது இருந்தால் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார். சொல்ல விரும்பாவிட்டால் தோண்டாதே. ஊர் ஜனங்களோடு எந்தப் பாஷையில் பேசினார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுது, வாசுகி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், டிசம்பரில் சென்னை வருகிறோம். அங்கிருந்து விமானத்தில் பலாலி போய், உடுவில், சுன்னாகம், கந்தரோடை எல்லாம் பார்க்கலாம் என்று வாசுகியே சொல்லிவிட்டாள். பெரியம்மாவின் வீடு இருந்த ஒழுங்கையை அவளுக்குக் காட்ட அங்கே ஒரு உறவுக்காரர் இருக்கிறார். நீயும் கமலாவும் கூட வர வேண்டும். உன் பாஸ்போர்ட் செல்லுபடியாகிறதா என்று இப்போதே பார்த்துவிடு. விமான டிக்கெட்டை நான் இங்கிருந்தே எடுக்கிறேன், தேதி மட்டும் எழுது.

அன்புடன்,
மணி