விடையோடு விளக்கமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்தை (விடையின் பொருளோடு அந்தச் சொல் அமையும் வழியையும் குறிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கும் புதிர்) நிறுத்திவிட்டுப் பழைய குறுக்கெழுத்தையே மறுபடி போடச் சொல்லி ஆரணி வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சூடு, தமிழுக்கு ஒட்டாது என்பது அவர் வாதம். அவருக்குக் கோபம் வந்தது நியாயம்தான், ஆனால் அதைப் புதிரின் மேல் காட்டிவிட்டார். புதிர் கடினமாக இருப்பதில் ஒரு தப்பும் இல்லை. மறுவாரம் விடை என்று வெறும் சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, அந்தச் சொல் எப்படி வந்தது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறீர்களே, அதைத்தான் கேட்க வேண்டும்.

நான் காட்பாடியிலிருந்து ஆம்பூருக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவன். ஷூ கம்பெனியில் கணக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வெட்டி வைத்த புதிர் திங்கட்கிழமை எங்கள் பெட்டிக்கு வந்துவிடும். வேலூர்ச் சிறப்பு என்று நீங்கள் போட்ட புதிர் லத்தேரி தாண்டுவதற்குள் பெட்டியையே இரண்டு கட்சியாக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம், மூன்றெழுத்தில் விடை கேட்ட இந்த ஒரு குறிப்பு: "கோடையில் ஒற்று நுழைய, அகழி நடுவே நிற்பது (3)".

வேலூர்க்காரர்களிடம் அகழி, ஒற்று என்று சொன்னால் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? ஒருவர் திப்புவின் பிள்ளைகளைக் கோட்டைக்குள் வைத்திருந்த கதையை ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் ஒற்றன், சிப்பாய், தூது என்று ஓரத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தார். குடியாத்தத்தில் ஏறும் தமிழ் டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தவர், "ஒற்றுன்னா ஒற்றன் மட்டுமா சார்? ஒற்றெழுத்தும் ஒற்றுதானே? வல்லினம் மிகும் இடம் நடத்துறப்ப நாள் முழுக்க இதைத்தான் கத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். அவ்வளவுதான். 'கோடை'க்கு நடுவே 'ட்' என்ற ஒற்று நுழைந்தால் 'கோட்டை'. அகழி நடுவே நிற்பதும் அதுதான். உளவாளி கதையை நம்ப வைத்து, இலக்கணப் புத்தகத்தில் விடையை ஒளித்து வைத்திருக்கிறார் புதிர் ஆசிரியர். எந்த ஒற்று என்று சொல்லவில்லையே என்று ஒரு சிலர் முணுமுணுத்தார்கள். 'கோ'வுக்கும் 'டை'க்கும் நடுவில் வேறு எந்த ஒற்றைப் போட்டாலும் அகழிக்குள் நிற்கும் சொல் வரவில்லை. ஆகவே என்னைப் பொறுத்தவரை அது நேர்மையான குறிப்பு.

இப்போது உங்கள் விடைப் பெட்டியைப் பாருங்கள். "கோட்டை" என்று மட்டும் இருக்கிறது. எங்கள் பெட்டியில் டீச்சர் இருந்தார், பிழைத்தோம். ஆரணியில் தனியாக உட்கார்ந்து போட்டவர் என்ன நினைப்பார்? அகழி என்றால் கோட்டை, சரி, கோடை எதற்கு, ஒற்று எதற்கு, சும்மா குழப்புகிறார்கள் என்றுதான் நினைப்பார். அடுத்த வாரம் புதிரைத் தொடமாட்டார். அதற்கடுத்த வாரம் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்.

தமிழுக்கு ஒட்டாது என்பதற்கு வருகிறேன். இறக்குமதி என்று பார்த்தால் அவர் கேட்கும் பழைய குறுக்கெழுத்தும் இறக்குமதிதான். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையின் ஞாயிறு இதழில் போட்டதிலிருந்து வந்தது அது. ஆங்கிலத்தில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் இரண்டோடு சரி. நம் பத்திரிகைகளில் வலமிருந்து இடமும் கீழிருந்து மேலும் சேர்ந்து நான்கு திசையாகிவிட்டது. "நடிகை, குழம்பியிருக்கிறார்", "மன்னன், வால் இல்லை" என்றெல்லாம் போடுவதும் நம் வழக்கம். அந்தப் புதிரில் விடையைக் கலைத்துக் கட்டத்தில் எழுதுவோம். கிரிப்டிக்கில் கலைந்த எழுத்துகள் குறிப்பிலேயே கிடக்கும், சேர்த்து எடுப்பது நம் வேலை. அது தவிர அடியோடு அந்நியமான விஷயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் சொன்னால் இந்த வித்தைகளுக்கெல்லாம் நம்மிடம் பெயரே இருக்கிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியைப் புரட்டினால் மாலைமாற்று, கரந்துறைச் செய்யுள், அக்கரச் சுதகம் என்று பட்டியல் போகும். திருப்பிப் படிப்பது, உள்ளே ஒளித்து வைப்பது, எழுத்தை ஒவ்வொன்றாகக் கழிப்பது. மாத்திரைச் சுருக்கம் என்றும் ஒன்று உண்டு, நெடிலைக் குறிலாக்கினால் வேறு சொல் கிடைக்க வேண்டும். உங்கள் புதிரில் "வாடை குறைந்த பலகாரம் (2)" என்று வந்ததே, 'வாடை' குறுகி 'வடை', அது இதே வித்தைதான். இரண்டே கட்டத்துக்கு இவ்வளவு சுத்தமான குறிப்பு அமைவது லேசில்லை.

"மேற்குப் பக்கத் தரிசில் ஒளிந்து விளைந்த காய் (4)" என்பது கரந்துறை வகை. 'பக்கத் தரிசில்' என்பதைச் சேர்த்து எழுதிப் பாருங்கள், நடுவில் 'கத்தரி' பளிச்சென்று நிற்கும். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்தரி விளையும் ஊர்ப்பக்கம் இந்தக் குறிப்பைப் போட்டது பொருத்தம். எங்கள் பெட்டியில் அரை மணி நேரம் அவரைக்காய், புடலங்காய் என்று சந்தைக்கே போய்வந்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காட்பாடி. "பாட்டி, பாதிக் காபி கலக்கியதும் வந்த ரயில் சந்திப்பு (4)". காபியில் பாதி 'கா'. அதைப் 'பாட்டி'யோடு கலக்கினால் கா, ட், பா, டி. தினம் அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிற எனக்கே 'பாட்டி' உள்ளே இருப்பது இத்தனை வருஷம் தெரியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான், எந்தச் சொல்லைக் குலுக்கினாலும் இன்னொரு சொல் விழுந்துவிடும். நமக்கு உயிர்மெய்யோடு 247. ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து என்று வைத்துக்கொண்டால் குலுக்கலில் சொல் அமைவது அபூர்வம். அதனால்தான் தமிழில் போடுகிறவர்கள் ஒற்று, குறில் நெடில், புணர்ச்சி விதி என்று போய்விடுகிறார்கள். அதுவே தனி அழகு. "ஆலும் வனமும் நன்னூல் சொன்னபடி சேர நவாபின் ஊர் (4)" என்ற குறிப்பை வேறு எந்த மொழியில் எழுத முடியும்? ஆல், காடு. லகரத்துக்குப் பின் வல்லினம் வந்தால் றகரமாகும், ஆற்காடு. (ஊருக்குப் பெயர் வந்தது ஆறு காட்டால் என்பார்கள். அது வேறு கதை, புதிருக்குத் தேவையில்லை.)

பாராட்டு போதும், ஒரு குறையும் சொல்ல வேண்டும். "முருகன் ஆயுதம் ஊருக்குள் இருக்கும் நகரம் (3)" என்று போட்டு வேலூர் என்று விடை கொடுத்திருக்கிறீர்கள். 'ஊருக்குள்' என்றால் 'ஊர்' என்ற சொல்லைப் பிளந்து நடுவில் 'வேல்' நிற்க வேண்டும். இங்கே வேல் முன்னால், ஊர் பின்னால், பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 'ஊரோடு' என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை. கைக்கு எளிதாக வரும் விடை என்பதால் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இப்படி ஒன்று நழுவினால் மற்றக் குறிப்புகளின் மேலும் நம்பிக்கை போய்விடும். உள்ளே என்றால் உள்ளே, பக்கம் என்றால் பக்கம். இதில் சலுகை கூடாது.

இங்கிலாந்தில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களும் இதில் கறாராகத்தான் இருந்திருக்கிறார்கள். அப்சர்வர் இதழில் 1926 முதல் டார்க்கிமாடா என்ற பெயரில் ஒருவரும், அவர் 1939-ல் இறந்த பின் ஜிமெனிஸ் என்ற பெயரில் இன்னொருவரும் புதிர் போட்டார்கள். இரண்டுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய தலைவர்களின் பெயர்கள். வாசகரை வதைப்பது என்று முடிவு செய்துதான் வைத்துக்கொண்டிருப்பார்கள் போல! அந்த ஜிமெனிஸ் வழியில் வந்தவர்கள் சொல்லும் சட்டம் சின்னது. குறிப்பில் விடையின் பொருள் சரியாக இருக்க வேண்டும், சொல்லை அமைக்கும் வழி நியாயமாக இருக்க வேண்டும், இவை இரண்டும் தவிர வேறு ஒரு சொல் இருக்கக் கூடாது. கோட்டைக் குறிப்பை இதில் வைத்துப் பாருங்கள், நிற்கும். வேலூர்க் குறிப்பு நிற்காது.

"திணைக்குத் துணையோடு அரை டஜன் சேர்ந்தும் வேலூர்ப் பக்கம் பெரும்பாலும் மணல் (3)" என்பதைப் பற்றிப் பெட்டியில் இன்னும் சண்டை ஓயவில்லை. திணை, பால் என்று சேர்த்துச் சொல்வோம், அரை டஜன் ஆறு, பாலாறு. கட்டுமானத்தில் பழுதில்லை. மணல் என்று சொன்னதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்கள் அவர்கள். 'பெரும்பாலும்' என்று போட்டிருக்கிறாரே என்று நான் புதிர் ஆசிரியர் பக்கம் பேசினேன். அந்தச் சொல்லுக்குள்ளும் ஒரு 'பால்' இருப்பதை டீச்சர் காட்டினார். தெரிந்தே போட்டாரா, தற்செயலா என்பதை உங்கள் புதிர் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். இதற்குத்தான் விளக்கம் கேட்கிறேன்.

பெரிதாக எழுத வேண்டாம். ஒரு விடைக்கு ஒரு வரி போதும். "கோ(ட்)டை" என்று அடைப்புக்குறி போட்டுக் காட்டினாலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். இடம் இல்லை என்று சொல்வீர்கள். ராசிபலனுக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது, அதில் ஒரு ஓரம் வாங்கிக் கொடுங்கள். பழைய எளிய குறுக்கெழுத்தையும் மறுபடி போடுங்கள், ஆரணி வாசகருக்காக அது பக்கத்திலேயே சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கிரிப்டிக்கை இலகுவாக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமைப் புதிரில் மேலிருந்து கீழ் 14-க்கு அடைப்புக்குறியில் 5 என்று இருக்கிறது, கட்டமோ நான்குதான். எது சரி என்று வரும் இதழில் போட்டுவிடுங்கள். அது தெரியாமல் கீழ்க்கோடியில் மூன்று சொற்கள் நிற்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
காட்பாடி.