அடியில் ஒரு வரி போடுங்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் நீங்கள் போடும் முள்ளிவாய்க்கால் நினைவுக் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பவன் நான். இந்தத் தடவை கட்டுரையில் குறை இல்லை, கூட வந்த படங்களில்தான் குறை. வீடியோவில் இருந்து எடுத்த மூன்று காட்சிகள், அடியில் 'கோப்புப் படம்' என்று இரண்டே சொல். எந்த வீடியோ, யார் எடுத்தது, யார் சரிபார்த்தது, எதுவும் இல்லை. இப்படிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம்.

நான் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன், கேசட் காலத்தில் இருந்து இதே பிழைப்பு. ஒரு ஃபைலை கன்வெர்ட் செய்தாலே உள்ளே இருக்கும் தேதி மாறிப்போகும் என்பது எங்களுக்குத் தினப்படி விஷயம், மாசியில் எடுத்த கல்யாணம் ஆனியில் எடுத்ததாகக் காட்டும். அதனாலேயே 2009 விவகாரத்தைக் கொஞ்சம் கூர்ந்து படித்தேன். அந்த வருஷம் ஆகஸ்டில், நிர்வாணமாக்கி, கைகளைப் பின்னால் கட்டி வைத்தவர்களை ராணுவ உடைக்காரர்கள் சுட்டுக் கொல்லும் வீடியோவை பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு உடனே போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதைத் தடயவியல் மருத்துவர், துப்பாக்கி நிபுணர், வீடியோ நிபுணர் என மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தார். துப்பாக்கி உதைக்கும் விதம், குழல் வாயில் கிளம்பும் புகை, ரத்தம் வரும் விதம் எல்லாம் நிஜக் குண்டோடு பொருந்துகிறது என்றார்கள். 2010 ஜனவரியில் வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார் ஆல்ஸ்டன்.

ஆனால் விளக்கம் கிடைக்காதவற்றையும் அந்த மனிதர் மறைக்கவில்லை. சிலரின் உடல் அசைவு, வீடியோவின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 17 ஃப்ரேம்கள், அப்புறம் ஃபைலுக்குள் 2009 ஜூலை 17 என்று ஒரு தேதி. போர் முடிந்ததோ மே மாதம்! எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவனுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை, ஃபோனில் தேதி தப்பாக இருந்திருக்கலாம், காப்பி எடுத்த நாளாக இருக்கலாம். மறுக்க நினைப்பவனுக்கு மட்டும் அந்த ஒரு தேதி போதும், அதையே பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் பேசுவான். 2011-ல் அந்த வீடியோவின் நீண்ட வடிவத்தைச் சோதித்து, அடுத்து வந்த அறிக்கையாளரும் உண்மைதான் என்றார், மறுத்தவர்கள் அப்போதும் வாய் மூடவில்லை.

இப்படிச் சந்தேகம் கிளம்பும் என்று முன்பே யோசித்தவர்களும் உண்டு. 1945 நவம்பர் 29 அன்று நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் வதைமுகாம் படத்தைத் திரையிட்டார்கள். கூண்டில் இருந்த நாஜித் தலைவர்கள் முகம் எப்படிப் போனது என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: படத்தின் ஆரம்பத்திலேயே, இதில் எதையும் மாற்றவில்லை, திருத்தவில்லை என்று படக்குழுவினர் கொடுத்த சத்தியப் பிரமாணத்தைத்தான் காட்டினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பெல்சன் முகாமில் எடுத்த காட்சிகளைப் படமாகத் தொகுத்தபோது ஆலோசனை சொல்ல வந்தவர் திகில் பட இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். வெட்டாமல் நீளமாகப் போகும் ஷாட்களாக வையுங்கள், இல்லாவிட்டால் ஜோடித்தது என்பார்கள் என்றாராம். வெட்டி ஒட்டியே உலகத்தைப் பயமுறுத்தியவர் சொன்னது!

லேவாதேவி செய்த ஊர் இது, பேரேட்டில் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று எழுதாத தொகை கணக்கில் நிற்காது என்று இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். வீடியோ சாட்சியும் அப்படித்தான்.

போன வருஷம் ஒரு பையன் தெரிந்தவர்கள் அனுப்பிய ஒரு மங்கலான வீடியோவோடு வந்தான். "அண்ணே, முகத்தைத் தெளிவாக்கித் தாங்க, யாருன்னு தெரியணும்" என்றான். இப்போது ஏஐ மென்பொருளில் அரை நிமிஷ வேலைதான். ஆனால் அது இருக்கிற முகத்தைத் தெளிவாக்குவது கிடையாது, புதிதாக ஒரு மூக்கையும் கண்ணையும் வரைந்து வைக்கிறது. செய்ய மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொண்டுதான் போனான். சோகப் பாட்டும் சிவப்பு எழுத்தும் சேர்த்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்களே, நல்ல எண்ணம்தான், ஆனால் வேறு நாட்டுப் போர்க் காட்சி ஒன்று நடுவில் கலந்துவிட்டால் நிஜமான பத்தும் சேர்ந்து சந்தேகத்துக்குப் போகிறது.

போஸ்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 1995-ல் ஸ்ரெப்ரெனிகாவைச் சேர்ந்த ஆறு பேரை 'ஸ்கார்ப்பியன்ஸ்' என்ற செர்பியப் படையினர் கொன்றதை அவர்களே வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2005-ல், அது செர்பியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச் மீதான போர்க்குற்ற வழக்கில் திரையில் ஓடியது. 2007-ல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலேயே தண்டனை கிடைத்தது. பத்து வருஷமும் ஒரு பிரதி தப்பிப் பிழைத்ததுதான் காரணம்.

அதனால் என் கோரிக்கை சின்னது. படத்தின் அடியில் மூலம், தேதி, சரிபார்த்தவர் என்று ஒரு வரி போடுங்கள், தெரியாத படத்தை விட்டுவிடுங்கள். நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களிலும் உங்கள் பத்திரிகை போகிறது, ஆகவே இதையும் பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது: பழைய ஃபோன், மெமரி கார்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், அழித்து எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, உள்ளே இருக்கும் விவரம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 2021-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஜெனீவாவில் நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை பற்றிய சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது, அங்கே கொடுக்க வழி எது என்று உங்கள் நிருபர் ஒருவர் விசாரித்து எழுதலாம்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி