மைனிக்கு, அந்த மங்கு பற்றி

அன்புள்ள மைனி,

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று, போட்டோ எடுக்கும்போது நீங்கள் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டது என் கண்ணிலேயே நிற்கிறது. பேறுகாலத்தில் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்து விழுந்த மங்குதானே? ஆச்சி எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள், பக்கத்து வீட்டு அத்தை வேறொன்று சொன்னாள். அத்தனை பேர் முன்னால் உங்கள் முகத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எலுமிச்சம்பழம் வேண்டாம். அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து இன்னும் கறுக்கும். மருந்துக்கடையில் வாங்கிய அந்த ட்யூபும் வேண்டாம். நாலு நாள்தான் போட்டேன் என்றீர்கள், இப்போதே விட்டுவிடுங்கள். காலேஜ் படிக்கும்போது பரு விட்டுப்போன கறுப்புக்கு நானும் அப்படி ஒன்றை ஆறு மாதம் போட்டேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் சிவந்து எரிந்தது, தண்ணீர் பட்டால்கூடத் தாங்கவில்லை. அதில் ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வீரியமான மருந்து, இருந்தது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. இன்னமும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி தோல் டாக்டர்தான் எனக்கு அசலாயிக் ஆசிட் எழுதித் தந்தார். ஆசிடா என்று பயந்துவிட்டேன். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற சாதுவான பொருள் அது. தேமல் வந்த இடம் வெளுத்துப் போகும் அல்லவா? 1970களில் இத்தாலி ஆராய்ச்சியாளர்கள் அதன் காரணத்தைத் தேடிப் போனபோது, தேமல் பூஞ்சை உண்டாக்கும் இந்த அமிலம் அகப்பட்டது. தோலில் கருநிறம் உண்டாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை இது மட்டுப்படுத்துகிறது. அளவுக்கு மீறி நிறம் சுரக்கும் செல்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கும், மற்ற இடத்தை அப்படியே விட்டுவிடும். உங்கள் மாநிறம் மாறாது. அது மாறவும் வேண்டாம், மைனி, அவ்வளவு அழகு.

உடம்புக்குள் கொஞ்சம்தான் இறங்கும் என்பதால், பால் கொடுக்கிறவர்களுக்கும் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள். எனக்குத் தந்தது 20% க்ரீம். ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி மட்டும். ஆரம்பத்தில் நமநமவென்று அரிக்கும், மேலே மாய்ஸ்சரைசர் போட்டால் அடங்கும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். எனக்கு இரண்டாம் மாதம்வரை ஒன்றுமே தெரியாமல் அழுகையே வந்தது.

அப்புறம் வெயில். கல்லிடைக்குறிச்சி மொட்டை மாடியில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டே எந்தக் க்ரீம் போட்டாலும் மங்கு திரும்ப வரும். கொஞ்ச நாளைக்கு அண்ணன் அந்த வேலையைப் பார்க்கட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன். சன்ஸ்க்ரீன் வாங்கும்போது தோல் நிறத்தில் இருப்பதாக, அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்ததாகப் பாருங்கள். வெறும் வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும், அதைத் தடுப்பது அந்த ஆக்ஸைடுதான்.

திங்கட்கிழமை பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு காலைச் செங்கோட்டை பாசஞ்சரில் வாருங்கள். ஜங்ஷனில் நிற்கிறேன், சேர்ந்தே ஐகிரவுண்டுக்குப் போவோம். அந்த ட்யூபையும் எடுத்து வாருங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் நாத்தனார்